மணல்மேடும் மனித உருவும்

கோலார் தங்கவயலில் தமிழர் இல்லம் எதனுள் நுழைந்தாலும் கூடத்துச் சுவர் வெறுமையாய் இருப்பதில்லை. ஒரு வீட்டில் முருகன், ஒரு வீட்டில் ஏசுநாதர், ஒரு வீட்டில் புத்தர், பல வீடுகளில் அண்ணல் அம்பேத்கர். பக்கத்திலே சிவகாசியில் அச்சாகி வந்த நாட்காட்டி. இவற்றுக்கு நடுவே, மாலை சூட்டப்பெற்று, குடும்பத்து மூத்தவர் ஒருவரின் நிழற்படம் தொங்கும். எண்ணெய் தடவி வாரிய தலை. இரவல் வாங்கியது போன்ற கோட்டு. பின்னால், படம் பிடிக்கும் நிலையத்தார் தொங்கவிட்ட திரைச்சீலையில் ஒரு மாளிகைத் தூண். முப்பது நாற்பது ஆண்டுகள் பூமிக்குள் இறங்கிப் பாறையைத் துளைத்த மனிதர் அவர். அப்படத்தைப் பார்க்கும் பேரனுக்கு இச்செய்தியில் ஓர் எழுத்தும் விளங்காது.

படம் எடுத்துக்கொண்டவரைக் குறைகூற வேண்டா. அழுக்குப் படிந்த வேலைக் கோலத்தில் தோன்ற அவர் விரும்பவில்லை. நல்லுடை உடுத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒருநாளேனும் துரையைப்போல் காட்சியளிக்க விரும்பினார். அஃது அவர் உரிமை. ஆயினும், ஓவியம் தீட்டுவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அத்திரைச்சீலைத் தூணைக் காணுந்தோறும் ஓர் எண்ணம் எழும். உருவம் நம்முடையது, பின்னணியோ எவருடையதோ! ஒரு மனிதனை அவன் நின்று உழைத்த நிலத்தோடு சேர்த்துத் தீட்டுவது எங்ஙனம்? ஓவியர் உலகில் நெடுநாளாக இருந்துவரும் வினா இது. தங்கவயலுக்கு இவ்வினா வேறெந்த ஊரையும்விட நெருக்கமானது என்பது என் துணிபு.

தமிழர்க்கு ஓவியம் புதிதன்று. மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று குறிக்கின்றது. பார்ப்பவர் கண்ணுக்குள்ளே தம் வினையைக் கொண்டுபோய் நிறுத்துபவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். வண்ணம் ஏற்றாமல் கோட்டளவில் நிற்கும் படத்துக்கு நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' என்று பெயர் இருக்கின்றது. 'ஸ்கெட்ச்' என்று இன்று நாம் சொல்லி வருகிறோமே, அதனைச் சொல்ல அன்றே நமக்கு ஓர் அழகிய சொல் இருந்தது. திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தில் மக்கள் படங்களைச் சுட்டிக்காட்டி, 'இவர் இன்னார்' என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டதைப் பரிபாடல் தெரிவிக்கின்றது. அப்படங்களில் ஒன்றும் இன்று எஞ்சவில்லை.

எஞ்சியவற்றுள் எனக்கு மிக விருப்பமானது சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் உள்ள தாமரைக்குளம். பாண்டியர் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பெற்றது. குளத்தில் மனிதர் சிலர் இறங்கித் தாமரை பறிக்கின்றனர். அவரைச் சுற்றி மீன், யானை, எருமை, பறவை. ஒருவர் தோளில் தாமரைத் தண்டு சாய்ந்திருக்கின்றது. அம்மனிதரைக் குளத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியே நிறுத்திப் பாருங்கள். அவர் கையும் காலும் பொருளற்றுப் போகும். மனிதரை எடுத்துவிட்டால் குளமும் வெறும் பூவேலைப்பாடாகிவிடும். உருவமும் இடமும் ஒரே மூச்சில் எழுதப்பெற்ற படம் அது.

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களையும் ஒரு காரணம் பற்றிக் குறிப்பிட வேண்டும். நாயக்கர் கால ஓவியங்களின் கீழ் மறைந்துகிடந்த அவற்றை 1931-ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். கருவறையைச் சுற்றிச் செல்லும் குறுகிய வழியின் சுவர்களில், வெளிச்சம் நன்கு புகாத இடத்தில், அவை எழுதப்பெற்றுள்ளன. சுந்தரர் வெள்ளை யானைமீது கயிலை செல்லும் காட்சியை அவ்விருளிலே, விளக்கின் துணைகொண்டு எழுதிய கைகளை எண்ணிப் பார்க்கிறேன். இருட்டுக்குள் இறங்கிக் கைத்திறம் காட்டியவர்கள் சுரங்கத்தார் மட்டும் அல்லர்.

பிற்காலத்தில்தான் உருவம் ஒருபுறமும் நிலம் ஒருபுறமுமாகப் பிரிந்தன. கும்பினியார் ஆட்சிக் காலத்தில் தஞ்சை, திருச்சி ஓவியர்கள் ஆங்கிலேயர்க்கு விற்பதற்காக ஒரு புதுவகைப் படம் எழுதினர். ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் ஆண், ஒரு பெண், கையிலே தொழிற்கருவி, பின்னால் பெரும்பாலும் வெறுந்தாள், அல்லது காலடியில் ஒரு கீற்றுப் புல். உழைக்கும் தமிழன் படத்தில் ஏறினான் என்று மகிழலாம். ஆனால் அங்கே காணப்படுவது வகையே அன்றி ஆள் அன்று. முகத்தை மாற்றி ஒட்டினாலும் வேறுபாடு தெரியாது. அதே காலத்தில் இதற்கு நேர்மாறான வேலையும் நடந்தது. 1792-ஆம் ஆண்டில் தாமஸ் டேனியல், அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் என்னும் இருவர் சென்னையிலிருந்து புறப்பட்டு, பாரமகால் என்று வழங்கிய கிருஷ்ணகிரி வட்டாரத்தின் வழியாகச் சென்றனர். இராயக்கோட்டை மலைக்கோட்டையையும் வரைந்தனர். நம்மில் பலருடைய பாட்டன்மார் பிறந்த மண் அது. மலை என்றால் மலை, பாறை என்றால் பாறை, அத்துணை நேர்த்தி! மனிதர் மட்டும் கட்டைவிரல் நக அளவில் நிற்பர். மலையின் உயரத்தைக் காட்டும் அளவுகோல் அவர்கள், அவ்வளவே.

இரவி வர்மா (1848 - 1906) வீட்டிலேயே இப்பிரிவினை இருந்தது என்பது வேடிக்கை. அவர் உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி உருவங்களைத் தீட்டினார். அவர் தம்பி சி. இராசராச வர்மா நிலக்காட்சியில் வல்லவர். தமையனார் படங்களுக்குப் பின்னணி தீட்டித் துணைபுரிந்தவர். உருவத்துக்கு அண்ணன், நிலத்துக்குத் தம்பி! பிற்காலத்தில் நாட்காட்டிப் படங்களால் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட கோவில்பட்டி கொண்டையராஜு நாடகக் குழுவில் திரைச்சீலை எழுதியவர். நம் பாட்டனார்க்குப் பின்னால் நிற்கும் மாளிகைத் தூண் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது இப்போது விளங்கும்.

தங்கவயலில் இப்பிரிவினை செல்லாது. நம் ஊரின் அடிவானத்தை நோக்குங்கள். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம் எங்கே நின்றாலும் கண்ணில் முதலில் படுவன வெளிறிய மணல்மேடுகள். வெளியூரார் அவற்றை இயற்கைக் குன்றுகள் என்று எண்ணுவதும் உண்டு. பூமிக்குள் வெட்டிய பாறையை மேலே கொணர்ந்து, ஆலையில் இடித்து மாவாக்கி, சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்துப் பிரித்தபின் கழித்த மணல் அது. ஒரு டன் பாறையில் கிடைத்த பொன் கிராம்களில் அளக்கத்தக்கது; எஞ்சியது முழுதும் மேட்டுக்கே போயிற்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்றது முதல் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பெற்றது வரை, 120 ஆண்டு வேலையில் ஏறத்தாழ 800 டன் பொன் வெளியே சென்றது. மேடுகளில் தங்கிய மணலோ மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்டது. அதில் ஒவ்வொரு பிடியும் யாரோ ஒருவர் துளைத்தும் தகர்த்தும் அள்ளியும் ஏற்றியும் அனுப்பிய பாறை. ஆகவே, மணல்மேட்டைத் தீட்டுகிறவன் நிலக்காட்சி தீட்டுவதாக எண்ணிக்கொள்ளலாம். உண்மையில் அவன் தீட்டுவது ஆயிரமாயிரம் மனிதர் உழைப்பின் உருவத்தையே.

இனி, அம்மேட்டின் எதிரே அமர்ந்து தீட்டுவதன் பயனையும் இடரையும் சொல்கிறேன். யான் பல ஆண்டுகளாக அங்கே நீர்வண்ணத்தோடு செல்வது வழக்கம்.

முதலாவது, நேரம். கதிரவன் எழுந்து ஒரு நாழிகைக்குள் சென்றுவிட வேண்டும். அப்பொழுது கிழக்கு வெயில் சாய்வாக விழும். மழைநீர் ஓடி ஓடி அரித்த ஓடைத் தழும்புகள் மேட்டின் உடலெங்கும் உள்ளன. சாய்ந்த வெயிலில் அவை ஒவ்வொன்றும் ஊதா நிழலோடு எழுந்து நிற்கும். விலா எலும்பு தெரியும் முதியவர் முதுகு போன்ற தோற்றம். பத்து மணிக்குமேல் நிழல் சுருங்கிவிடும். உச்சிவேளையில் மேடு முழுவதும் எழுதாத தாள். கண் கூசுமே அல்லாது வடிவம் கிட்டாது. மாலையில் மீண்டும் வடிவம் வரும். ஆனால் காலை நிறம் வராது. காலையில் சாம்பல் கலந்த இளமஞ்சள். மாலையில் செம்மை ஏறிய காவி. ஒரே படத்தைக் காலையில் தொடங்கி மாலையில் முடிக்க முற்படுபவர் இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று கிடத்தியவர் ஆவார்.

இரண்டாவது, நிறம். மணல் வெண்மை என்று எண்ணி வண்ணத் தட்டில் வெள்ளையைக் கரைப்பவர் ஏமாறுவர். தாளின் வெண்மையை வானத்தை ஒட்டிய விளிம்பில் மட்டும் விட்டுவைத்து, எஞ்சிய பரப்பெங்கும் மஞ்சட்காவியை மிக நீர்க்கத் தடவ வேண்டும். நிழலுக்குக் கறுப்பு ஆகாது. நீலமும் காவியும் கலந்தால் போதும். நம் ஊர் கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேல் இருப்பதால் மார்கழிக் காலையில் தாள் உலர நெடுநேரம் ஆகும். அப்போது வானத்தை முதலில் முடித்துவிட்டு மேட்டுக்கு வர வேண்டும். சித்திரையிலோ தூரிகையை எடுக்குமுன் வண்ணம் காய்ந்து கோடு விழும்.

மூன்றாவது, காற்று. ஆடிமாதக் காற்றில் அங்கே அமர வேண்டா. நுண்மணல் எழுந்து ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது சிறு தொல்லை. அது மூச்சில் புகுவது பெருந்தீங்கு. சுரங்கத்தூசு நம்மவர் நெஞ்சில் செய்த கேட்டை நாம் அறியாதவர்களா? காற்று வரும் திசையில் மேட்டைப் பின்னே விட்டு விலகி அமர்க, மேட்டின்மேல் ஏறற்க, கை கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கற்க. மேடுகளைச் சறுக்குமரமாக்கி விளையாடும் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லுங்கள்.

வெளியிலே அமர்ந்து தீட்டும் வழக்கமே ஓவிய வரலாற்றில் பழையதன்று. இங்கிலாந்தில் கான்ஸ்டபிள் 1821, 1822-ஆம் ஆண்டுகளில் திறந்த வெளியில் முகில்களை மட்டுமே படம்படமாகத் தீட்டி, தாளின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதிவைத்தார். எண்ணெய் வண்ணத்தை அந்நாளில் பன்றியின் நீர்ப்பையில் கட்டி எடுத்துச் செல்வார்கள். அது கிழியும், வண்ணமும் கட்டியாகிவிடும். 1841-இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் மடக்கத்தக்க தகரக் குழாயை அமைத்தபின்னரே வண்ணப்பெட்டி பையில் ஏறியது. ஓவியர் காட்டுக்கும் வயலுக்கும் நடந்தனர். பற்பசைக் குழாயைப் பிதுக்கும் நாம் அதன் மூத்த உடன்பிறப்பை எண்ணுவதில்லை. நம் நாட்டிலும், சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராயிருந்து 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழக் காரணராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், இளமையில் வெளியிடங்களைத் தீட்டிய நீர்வண்ணங்களாலேயே முதலில் பெயர் பெற்றார்.

பிரெஞ்சு ஓவியர் செசான் செயலைச் சற்று நின்று நோக்க வேண்டும். அவர் தம் ஊரருகே உள்ள சேன்ட் விக்டுவார் மலையை வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்பத் தீட்டினார். அம்மலைக்கு அருகே கைவிடப்பட்டிருந்த கற்சுரங்கத்தையும் தீட்டினார். 1906 அக்டோபரில் வெளியே தீட்டிக்கொண்டிருந்தபோது மழையில் அகப்பட்டு மயங்கி வீழ்ந்து, சில நாட்களில் மறைந்தார். ஒரு மலையை அத்துணை முறை தீட்ட என்ன இருக்கிறது என்று கேட்பவர் உண்டு. மாரிக்குப்பத்து மேட்டை ஒரு மாதம் நாள்தோறும் சென்று பாருங்கள். பிறகு அக்கேள்வி எழாது. அவருக்கு வாய்த்தது இயற்கை தந்த மலை. நமக்கு வாய்த்தது நம் குடும்பத்தார் கை தந்த மலை.

மேட்டை விட்டு மனிதனுக்கு வருவோம். நம் சிற்பநூல்கள் முகத்தின் நீளத்தைத் தாலம் என்னும் அளவாகக் கொண்டு உருவத்தை வகுக்கும். பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், மானிடர்க்கு எட்டு. ஐரோப்பியப் பள்ளிகளில் தலையின் உயரத்தை அளவாக்கி ஏழரை அல்லது எட்டுத் தலை என்பர். இரண்டும் பயனுள்ளவையே, ஆனால் இரண்டும் நிமிர்ந்து நிற்கும் உடம்புக்கு உரியவை. சுரங்கத்தில் யார் நிமிர்ந்து நின்றார்? நம் ஊரின் முதியவர் ஒருவர், பாறை துளைக்கும் வேலையில் பல ஆண்டு இருந்தவர், என் வேண்டுகோளுக்கு இணங்கி ஒரு மூங்கிற்கழியைத் துரப்பணமாகப் பாவித்து நின்று காட்டினார். நின்ற மாத்திரத்தில் எழுபது வயது உடம்பு வேறு உடம்பாயிற்று. வலக்கால் பின்னே ஊன்றிக்கொண்டது, தோள் கழியோடு ஒட்டியது, தூசிக்கு அஞ்சி முகம் பக்கவாட்டில் திரும்பியது, பல் கடித்தது. குதிகாலில் தொடங்கி முதுகு வழியே தோள்வரை ஒரே சாய்கோடு. தாலக் கணக்கில் அது நான்கோ ஐந்தோ தேறும். ஆயினும் அதைவிட உயரமான உருவம் ஒன்றை யான் கண்டதில்லை.

அவரிடம் சென்னைக் கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையின் படத்தைக் காட்டினேன். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. 1959 ஜனவரி 25-இல் அங்கே நிறுவப்பெற்றது. 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் அவர். சிற்பி மட்டுமல்லர், ஓவியரும் ஆவார். நான்கு தொழிலாளர் ஒரு பெரும்பாறையை நெம்பும் காட்சி. கலை நூல்கள் அதனைப் பலவாறு புகழும். முதியவரோ நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஓர் ஆளை விரலால் தொட்டு, "தம்பி, நாளைக்கு இவனுக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், பளு முழுதும் இவன்மேல் இருக்கிறது" என்றார். உருவச் சிற்பத்தைப் பற்றி இதனினும் கூர்மையான விமரிசனம் யான் படித்ததில்லை. எந்த உடம்பில் எங்கே பளு இறங்குகிறது என்பதைக் காண்பதே உருவ ஓவியத்தின் முதற்பாடமும் கடைசிப் பாடமும் ஆகும். அதைத் தம் உடம்பாலேயே கற்றவர்கள் நம் தெருவில் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள்.

பிறநாட்டு ஓவியர் இவ்வகை உழைப்பாளரைத் தேடிச் சென்ற வரலாறும் உண்டு. கூர்பே 1849-இல் சாலையோரத்தில் கல் உடைக்கும் ஒரு முதியவனையும் ஒரு சிறுவனையும் கண்டு, அவர்களைத் தம் ஓவியச் சாலைக்கு அழைத்து நிறுத்திப் பெரிய படமாகத் தீட்டினார். இருவர் முகமும் நன்கு தெரியா. முதுகும் கையும் கிழிந்த சட்டையுமே பேசும். 1945-இல் ட்ரெஸ்டன் நகரருகே போரில் அப்படம் அழிந்தது. இன்று அதன் நிழற்படமே உள்ளது. வான்கா ஓவியராகும் முன்பு, 1878-இன் இறுதியில், பெல்ஜியத்தின் போரினாஜ் என்னும் நிலக்கரி வட்டாரத்துக்குச் சமயப் பணிக்காகச் சென்றார். 700 மீட்டர் ஆழமான சுரங்கத்துள் தாமே இறங்கிப் பார்த்தார். உடையையும் உடைமையையும் ஏழைகட்குக் கொடுத்துவிட்டார். சபையார் அவரைப் பணியில் தொடரவிடவில்லை. அங்கே இருந்தபோதே, 1880-இல், ஓவியனாவது என்று முடிவு செய்தார். பனியில் வேலைக்கு நடக்கும் ஆணும் பெண்ணும், பின்னர் நிலக்கரி மூட்டை சுமக்கும் பெண்டிரும் அவர் தொடக்கப் படங்களில் உள்ளனர். 700 மீட்டர் ஆழம் அவரை அவ்வாறு மாற்றியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது என்பதை நினைவூட்ட வேண்டுவதில்லை.

பெண்டிரைக் குறித்ததும் ஒன்று தோன்றுகிறது. நம் ஊரில் பெண்கள் பூமிக்குள் இறங்கவில்லை; ஆயினும் மூன்று முறை வேலைக்கும் மூன்று முறை அடுப்பு மூட்டியவர்கள், குழாயடியில் அந்தத் தூசுச் சட்டைகளை அடித்துத் துவைத்தவர்கள், சங்கு தப்பிய நேரத்தில் ஊதினால் வாசலுக்கு ஓடிவந்து நின்றவர்கள் அவர்களே. வாசலில் நிற்கும் அவ்வுருவம் ஓர் ஓவியன் வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது.

சுரங்கத்தின் உள்ளே நிகழ்ந்ததை எப்படித் தீட்டுவது? வெளிச்சமே இல்லாத இடத்துக்கு நிலக்காட்சி ஏது? இதற்கு விடை தேடியவர் ஹென்றி மூர். 1898-இல் காசில்போர்டு என்னும் நிலக்கரி ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்து பெருஞ்சிற்பியானவர். போர்க்காலத்தில், 1941-42-இல், தம் ஊருக்குத் திரும்பி வெல்டேல் சுரங்கத்துள் இறங்கி வரைந்தார். அதுவரை பெரும்பாலும் கிடந்த கோலத்துப் பெண்ணுருவையே வடித்து வந்தவர்க்கு, குனிந்தும் தவழ்ந்தும் முட்டியிட்டும் வேலை செய்யும் ஆண் உடம்பு அங்கே புதிதாகத் தென்பட்டது. அக்காலத்தில் அவர் கையாண்ட முறை நம் பள்ளிப் பிள்ளைகளும் செய்யத்தக்கது. வெளிச்சம் படும் இடத்தை மெழுகுக் கிரேயானால் முதலில் கோடிட வேண்டும். அதன்மேல் கருநிற நீர்வண்ணத்தை ஓடவிட வேண்டும். மெழுகில் நீர் ஒட்டாது. இருள் தாளெங்கும் பரவ, விளக்கு தொட்ட தோளும் முழங்கையும் மட்டும் இருளிலிருந்து தாமே வெளிப்படும். தலைத்தொப்பி விளக்கின் வட்டத்துக்குள் வேலை செய்தவர்களைக் காட்ட இதனினும் பொருத்தமான வழி எனக்குத் தெரியாது.

மேற்சொன்னவர் யாவரும் சுரங்கத்தை வந்து பார்த்துச் சென்றவர்கள். சுரங்கத்தாரே தூரிகை எடுத்த வரலாறு ஒன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் வடபால் ஆஷிங்டன் என்னும் ஊரில், 1934-இல், நிலக்கரித் தொழிலாளர் சிலர் மாலைநேர வகுப்பாக ஓவியம் பற்றி அறிய விரும்பினர். இராபர்ட் லயன் என்னும் ஆசிரியர் வந்து, இத்தாலியப் பேரோவியங்களைத் திரையில் காட்டி விளக்கினார். கேட்டவர்க்கு அது சுவைக்கவில்லை. படத்தைப் பற்றிப் பேசுவதைவிட, படம் செய்து பார்த்தால் அதன் பொருள் விளங்கும் என்று முடிவாயிற்று. வாரந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு படம் கொணர்வார். மற்றவர் குறைநிறை கூறுவர். விலையுயர்ந்த வண்ணத்துக்கு வழியில்லை; சுவருக்கு அடிக்கும் வண்ணத்தையே பலகையில் தீட்டினர். தாம் படுத்து வெட்டிய சுரங்க முகம், சுரங்கக் குதிரை, வேலை முடித்து வீட்டில் குளித்தல், கொல்லையில் வளர்த்த புறா, இவையே பொருள். அவ்வூர்ச் சுரங்கம் 1988-இல் மூடப்பெற்றது. படங்கள் அருகிலுள்ள உட்ஹார்ன் பழஞ்சுரங்கத்தில் அமைந்த அருங்காட்சியகத்தில் இன்றும் தொங்குகின்றன.

இத்தாலியப் படங்களைக் காட்டியது வீண் என்று யான் சொல்லவில்லை. கலை வரலாறு படித்தவனுக்குப் பழுதுபட்ட பாதைகள் முன்பே தெரிந்திருக்கும். அவ்வளவு நேரம் மிச்சம். ஆனால் வரலாற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பிறகு தூரிகை எடுப்போம் என்று காத்திருக்க நமக்குக் காலம் இல்லை. 2001-இல் சுரங்கம் மூடியபோது முப்பது வயதாயிருந்தவர்க்கு இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டது. ஆழத்தில் நெடுங்காலம் வேலை செய்த மூத்தவர்களோ ஆண்டுதோறும் குறைகிறார்கள். அவர் பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். தந்தை எப்படி நின்று துளைத்தார் என்று கேட்க அவர்கட்குப் பொழுது ஏது? மேடுகளும் நிலையானவை அல்ல. அவற்றுள் 13-ஐ மீண்டும் எடுத்து, எஞ்சிய பொன்னைப் பிரிப்பதற்கான ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கருநாடக அரசு 2024-இல் இசைவு தந்தது. அதனால் வேலை கிடைக்குமாயின் நன்றே. மணல் நீங்கினால் மூச்சுக்கும் நல்லதே. மேடு நம் கண்முன் நிற்கும் நாளில் தீட்டப்படாத படத்தைப் பின்னர்த் தீட்ட இயலாது என்பதை மட்டும் குறிக்கிறேன்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பள்ளி மாணவர் வாங்கும் நீர்வண்ணப் பெட்டி ஒன்று, தடித்த தாள், பின்னால் வைக்க ஓர் அட்டைப் பலகை, குடிக்க ஒரு குப்பித் தண்ணீர், தூரிகைக்கு ஒரு குப்பித் தண்ணீர். இரண்டையும் மாற்றிக் குடிக்காத அளவு விழிப்பு. தை பிறந்தபின் ஞாயிற்றுக்கிழமைக் காலை நல்லது. காற்று அடங்கியிருக்கும், பெங்களூர் செல்லும் இளைஞரும் வீட்டில் இருப்பர். தொலைவில் அமர்ந்து மேட்டைத் தீட்டிவிட்டு வெயில் ஏறியதும் வீடு திரும்புங்கள். பிற்பகலில் பெரியவர் ஒருவரைத் திண்ணையில் உட்காரவைக்காமல், வேலை செய்த கோலத்தில் பத்து நிமிடம் மட்டும் நிற்கக் கேளுங்கள். அதற்குமேல் நிறுத்துதல் முறையன்று. புனையா ஓவியமாகக் கோட்டளவில் எடுத்துக்கொண்டால் போதும், வண்ணம் பின்னர் ஏற்றலாம். அவ்வுருவை எந்தச் சுவருக்கு முன்னும் நிறுத்த வேண்டா. காலையில் தீட்டிய மேட்டையே பின்னே வையுங்கள். தாளின் பின்புறத்தில், கான்ஸ்டபிள் செய்ததுபோல, நாளையும் நேரத்தையும் குறியுங்கள். அதனோடு அவர் பெயர், இறங்கிய சுரங்கம், செய்த வேலை, சேர்ந்த ஆண்டு, விட்ட ஆண்டு இவற்றையும் அவர் வாயால் கேட்டு, மை கொண்டு எழுதுங்கள். பென்சில் எழுத்து அழிந்துவிடும்.